பச்சைக் காப்பு

நல்ல எண்ணத்தில் செய்த காரியம் எப்படி நாறிப்போகும் என்று பார்க்க யாருக்காவது ஆசையிருந்தால், எங்கேயும் அலைய வேண்டாம். எதிரே வருகிற கர்ப்பிணியின் மணிக்கட்டைப் பார்த்தால் போதும். அங்கே ஒரு காப்பு இருக்கும். தடித்த ரப்பர் வளையம், நடுவில் மிளகளவு ஒரு விளக்கு. மூன்றாம் மாதம் மாட்டிவிட்டால் பிள்ளை பெற்று எழுந்த பிறகுதான் அதற்கு விடுதலை. தாயின் ரத்த அழுத்தம், நாடி, வயிற்றிலிருக்கும் பிள்ளையின் துடிப்பு எல்லாவற்றையும் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டே கிடக்கும். பச்சை எரிந்தால் இரண்டு உயிரும் சுகம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால், பிரசவத்தில் ஆபத்து வரக்கூடும், இவளை முதலில் கவனியுங்கள் என்று பொருள்.

அந்தப் பொருளை எழுதியவர்களில் டாக்டர் சுகந்தியும் ஒருத்தி. சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் அந்தக் காப்பை உருவாக்கிய குழுவில் இருந்தாள். வலிப்பு கண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கடைசி நிமிடத்தில் வந்து சேர்ந்த பெண்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் அந்தப் பக்கம் போனாள். ஒரு மாதம் முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்ற ஆற்றாமை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பயத்தில் சிலருக்கு அழுத்தம் ஏறும், அதற்கெல்லாம் சிவப்பு எரியக் கூடாது, பத்து நாள் சராசரியைத்தான் காட்ட வேண்டும் என்று சொன்னது அவள்தான். ஒருத்தியின் காப்பை இன்னொருத்தி மாட்டிக்கொண்டால் கண்டுபிடிக்க வழி வைக்கலாமா என்று கூட்டத்தில் ஒரு பொறியாளர் கேட்டார். சுகந்தி சிரித்துவிட்டாள். ஒரு தாயோட காப்பை இன்னொருத்தி எதுக்கு மாட்டிக்கப் போறா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காப்பு வந்தது. சொன்னது பலித்தது. அப்போதுதான் மேலிடத்தில் யாருக்கோ ஒரு யோசனை உதித்தது. சிவப்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே, அதன் பிறகும் அவள் செத்தால் அது டாக்டரின் குற்றம்தானே? ஆஹா, எத்தனை நியாயமான கேள்வி! அன்றிலிருந்து சிவப்புக்காரி செத்தால் ஆஸ்பத்திரி பதில் சொல்ல வேண்டும். தர வரிசையில் இறங்கும், காப்பீட்டு அனுமதி போகும், டாக்டரை விசாரணைக் கூட்டத்தில் நிற்கவைத்து நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். பச்சைக்காரி செத்தால் 'எதிர்பாராதது' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சிவப்பைப் பத்திரமாகப் பிரசவம் பார்த்தால் கேடயம் உண்டு என்றும் அறிவித்தார்கள். அதை வாங்கத்தான் ஆள் வரவில்லை.

விளைவு என்ன? சிவப்பு எரிகிற கையைக் கண்டாலே ஆஸ்பத்திரிகள் கை கழுவ ஆரம்பித்தன. இங்கே வசதியில்லை, பெரிய இடத்துக்குக் கொண்டு போங்கள் என்பார்கள். பெரிய இடத்தில் படுக்கை இல்லை, வேறு இடம் பாருங்கள் என்பார்கள். இப்படி இழுத்தடித்ததில் வழியில் வண்டியில் செத்தவள் எந்த ஆஸ்பத்திரியின் கணக்கிலும் வரமாட்டாள். ஆகவே ஆஸ்பத்திரிகளில் தாய்மார் சாவு குறைந்தது. குறைந்ததற்கு விழா எடுத்தார்கள்.

சுகந்தி கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் தாய்சேய் மருத்துவமனையில் தலைமை டாக்டராக இருந்தாள். பூங்கோதை மருத்துவமனை என்று பெயர். வந்த புதிதில் சிவப்புகளைச் சேர்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதில் ஒருத்தி ரத்தப் போக்கு நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். விசாரணைக் கூட்டத்தில் சுகந்தி மத்தியானம் வரை நின்றாள். மகன் வயதுள்ள அதிகாரி ஒருவன், உங்க காப்பைப் படிக்க உங்களுக்கே தெரியலையா மேடம் என்று கேட்டான். திரும்பி வந்ததும் நிர்வாகி ஞானசேகர் கதவைச் சாத்திக்கொண்டு, இன்னொன்று நடந்தால் ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான், இருநூறு பேர் சோறு உங்கள் கையில் இருக்கிறது என்றார். அதன்பின் சுகந்தியும் மற்றவர்களைப் போலவே ஆகிப்போனாள். புறநோயாளிகள் வரிசையில் கை நீளும். விளக்கைப் பார்ப்பாள். சிவப்பென்றால் பெரிய இடத்துக்குச் சீட்டு எழுதுவாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் எழுத வராது. அதனால் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஐப்பசி மாதம் ஒரு மழை நாளில் அப்படித்தான் ஒரு சிவப்புக் கை நீண்டது. காப்புக்கு மேலே முழங்கையை நோக்கிப் பிறை போல ஒரு தழும்பு, தோசைக்கல் சுட்டதாக இருக்கும். கூட வந்தவள் கொஞ்சம் வாயாடி. மூன்று இடம் பார்த்துவிட்டோம், நீங்களாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினாள். சுகந்தி குனிந்தபடியே சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அடுத்த கை நீண்டது.

கார்த்திகையில் ஒரு காலை. திராட்சைத் தோட்டத்து ஊரிலிருந்து தன்ஷிகா என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நிறைமாதம். தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். நர்ஸ் அவற்றை மேலே தள்ளிவிட்டுக் காப்பைப் பார்த்தாள். பச்சை. சேர்த்துக்கொள்வதில் என்ன தடை? துணைக்கு வந்தவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி மனைவி, பெயர் ரோஷிணி. அவளும் நிறைமாதம்தான். முந்தானையை இழுத்துக் கையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தன்ஷிகாவின் கணவன் கேரளாவுக்கு லாரி ஓட்டிப் போயிருந்தான்.

சுகந்தி வார்டைச் சுற்றி வரும்போது தன்ஷிகாவின் கால்களைப் பார்த்தாள். வீங்கியிருந்தன. இது போன வாரத்திலிருந்தே இருக்கிறதா என்று கேட்டாள். நடந்தால் வீங்கும், படுத்தால் வடிந்துவிடும் என்று ரோஷிணி முந்திக்கொண்டு சொன்னாள். சுகந்தியின் கை தானாகக் கழுத்துப் பக்கம் போனது. அந்தக் காலத்தில் அங்கே ஸ்டெதாஸ்கோப் தொங்கும். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி எங்கே என்று நர்ஸிடம் கேட்டாள். சின்ன வயது நர்ஸ், பாவம், விழித்தாள். ஸ்டோர் அலமாரியில் இருக்கலாம், சாவியைத் தேட வேண்டும், ஆனால் பச்சைதானே மேடம் எரிகிறது என்றாள். பச்சைதான் எரிந்தது. பத்து நாள் சராசரி பொய் சொல்லாது. அது சுகந்தியே பெற்ற பிள்ளை. சரி, வலி வந்ததும் கூப்பிடு என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சாப்பாட்டு வேளையில் தன்ஷிகாவுக்கு வலிப்பு வந்தது.

கட்டில் ஆடிய சத்தம் கேட்டு சுகந்தி ஓடிவந்தாள். வாயில் நுரை, கண் மேலே சொருகியிருந்தது. முப்பது வருடங்களுக்கு முன்னால் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த அதே காட்சி. மக்னீசியம் ஊசி போட்டார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வளையல்களைக் கழற்ற நேரமில்லை. உடைத்தெடுக்கச் சொன்னாள். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித் துண்டுகள் தரையில் கொட்டின. வெறும் கை தெரிந்தது. காப்புக்கு மேலே முழங்கையை நோக்கிப் பிறை போல ஒரு தழும்பு.

முகத்தைப் பார்த்திருந்தால் ஞாபகம் வந்திருக்காது. கையைத்தானே பார்த்திருந்தாள். கை உடனே ஞாபகம் வந்தது.

பெண் குழந்தை. எடை குறைவுதான், ஆனாலும் வீல் என்று கத்தி ஊரைக் கூட்டியது. தாய் கண்ணைத் திறக்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

வராந்தா பெஞ்சில் ரோஷிணி உட்கார்ந்திருந்தாள். செய்தியைச் சொன்னதும் அலறவில்லை. போர்த்தியிருந்த முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். அவள் மணிக்கட்டில் சிவப்பு எரிந்தது. சுகந்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"வளைகாப்புலதான் மாத்துனோம். அக்காவுக்கு அம்மா இல்ல, நாந்தான் முன்ன நின்னு செஞ்சேன். மாசமா இருக்கவ தன் கையில போட்ட வளையல்ல ரெண்டக் கழட்டி பக்கத்துல இருக்கவளுக்குப் போடுறது எங்க வழக்கம். அந்தக் கூட்டத்துல சோப்புத் தண்ணியத் தடவி இதையும் மாத்திக்கிட்டோம். யாரும் பாக்கல."

ரோஷிணியின் நல்ல உடம்பைக் கேட்டுக் கேட்டு தன்ஷிகாவின் காப்பு பத்தே நாளில் பச்சையானது. தன்ஷிகாவைக் கேட்ட ரோஷிணியின் காப்பு சிவந்துபோனது. இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோவுக்குள்ளேயே அவரவர் காப்பை அவரவர் வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். இதையெல்லாம் அவள் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே போனாள்.

"உன் காப்பு செவப்பாயிரும்னு தெரியாதா? உன்னை யாரு சேத்துக்குவாங்க?"

"எனக்கு எதுக்கு டாக்டரம்மா ஆஸ்பத்திரி? ஒடம்பு நல்லாத்தான இருக்கு, எங்க வேணா பெத்துக்குவேன். அவளுக்குத்தான் வேணும்." சிவப்பு எரிந்த கையை மறுபடி முந்தானையால் போர்த்தினாள். "காலையில நீங்க கேட்டப்ப வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். சொன்னா வெளிய அனுப்பிருவீங்கன்னு பயம். போன மாசம் அனுப்புனீங்கல்ல. என் மொகத்த ஒரு தடவ நிமிந்து பாத்திருந்தா அனுப்ப மனசு வந்திருக்காதுன்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்தா."

குற்றம் யார் மேல் என்று தேடுவதில் அர்த்தமில்லை என்று சுகந்திக்குத் தெரிந்தது. சீட்டைக் கிழித்த கை அவளுடையது, சராசரி அவளுடையது, கூட்டத்தில் சிரித்த சிரிப்பும் அவளுடையதுதான்.

ஞானசேகர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் கஷ்டம். சுகந்தி எல்லாவற்றையும் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், உண்மையிலேயே கண் கலங்கினார். அப்புறம் யோசிக்க ஆரம்பித்தார். காப்பை மாற்றியது தெரிந்தால் ரோஷிணியைப் பிடித்து உள்ளே வைப்பார்கள், சட்டம் அப்படி. நிறைமாதப் பெண் ஜெயிலில் பிள்ளை பெறுவாள். தன்ஷிகா சிவப்பென்று ஆகிவிடும், ஆஸ்பத்திரியை மூடுவார்கள். செத்தவள் எழுந்து வரப்போவதும் இல்லை.

"பச்சை செத்திருக்கு டாக்டர். எதிர்பாராததுன்னு எழுதிட்டா யாருக்கும் பாதகமில்ல," என்றார்.

யாருக்கும் பாதகமில்லை. சுகந்தி அந்த வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். ரோஷிணிக்காகத்தான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கொஞ்சம் உண்மைதான். மீதி பயம். கையெழுத்துப் போட்டாள்.

அந்த வாரம் முடியவில்லை, ரோஷிணிக்கு வலி கண்டது. துக்க வீட்டில் அழுது அழுது சீக்கிரமே வந்துவிட்டது போலும். எங்கே வேண்டுமானாலும் பெற்றுக்கொள்வேன் என்றவளுக்கு எங்கேயும் இடமில்லை. பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிவப்பைப் பார்த்ததும் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். கல்லு மாதிரி உடம்பு, பழைய காலமாக இருந்தால் வீட்டிலேயே பெற்று எழுந்து கஞ்சி குடித்திருப்பாள். ஆனால் காப்பு பத்து நாளைத்தான் பார்க்கும். அது இன்னும் தன்ஷிகாவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, செத்துப்போனவளின் ரத்தக் கொதிப்பை.

பூங்கோதையின் வாசலிலும் நர்ஸ் தடுத்தாள். சுகந்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சிவப்பை உள்ளே விடாதீர்கள் டாக்டர் என்று ஞானசேகர் பின்னாலேயே வந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் ரோஷிணியின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஸ்டோர் அலமாரியின் பூட்டை உடைத்து எடுத்து வைத்திருந்த பழைய கருவியைக் கையில் சுற்றி அழுத்தம் பார்த்தாள். நூற்றுப் பத்துக்கு எழுபது. பூப்போல இருந்தது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் பிள்ளை வந்துவிட்டது, ஆண். தையல்கூடத் தேவைப்படவில்லை. சுகந்தி கையைக் கழுவிக்கொண்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் பார்த்த மிகச் சுலபமான பிரசவம் அது.

உலகத்துக்கு அது அப்படித் தெரியவில்லை. பள்ளத்தாக்கில் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு சிவப்பு, தாயும் சேயும் நலமாகப் பிழைத்திருக்கிறது! ஞானசேகருக்கு முதலில் தலை சுற்றியது. அப்புறம் போன் மேல் போன் வந்தது. தர வரிசையில் பூங்கோதை விறுவிறு என்று மேலே ஏறியது. அந்த மாதத்துச் சாவு ஒன்று இருந்ததே என்று கேட்டவர்களிடம், அது பச்சை, எதிர்பாராதது என்று பதில் தயாராக இருந்தது. நோயாளி செத்ததில் நஷ்டமில்லை, நோயில்லாதவள் பிழைத்ததில் லாபம். இப்படி ஒரு வியாபாரம் யாருக்கு வாய்க்கும்!

தை மாதம் விழா வைத்தார்கள். சுகந்தி போக மாட்டேன் என்றாள். போகாவிட்டால் ஏன் என்று தோண்டுவார்கள், அந்தப் பெண்ணுக்குத்தான் ஆபத்து என்றார் ஞானசேகர். இதற்கும் அதே காரணம். போனாள். மேடையில் சால்வை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள். பிழைத்த சிவப்பையும் மேடைக்கு அழைத்திருந்தார்கள். ரோஷிணி இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகளைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். தன்ஷிகாவின் மகளுக்கும் அவள்தான் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எடை கூடிக் கன்னம் உப்பியிருந்தது அது.

கேடயம் கொடுத்த அதிகாரி குனிந்து பார்த்துச் சிரித்தார். "அட, ரெட்டையா?" என்றார்.

"இல்லங்கய்யா," என்றாள் ரோஷிணி. மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. "இது பச்சைக்குப் பொறந்தது, இது செவப்புக்குப் பொறந்தது. பச்சை செத்துப்போச்சு."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், படிக்காத பெண் என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து முன்வரிசை கை தட்டியது, பின்வரிசையும் தட்டியது. சுகந்திக்குப் பேச மைக்கை நீட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடத்தான் அதை வாங்கினாள். ரோஷிணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோளில் இருந்த இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. உண்மையைச் சொன்னால் முதலில் அந்தத் தோளிலிருந்துதான் அவற்றைப் பிரிப்பார்கள். நன்றி என்று சொல்லிவிட்டு சுகந்தி இறங்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, புறநோயாளிகள் அறைக்குள் நுழையும்போதே ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வரிசையில் வழக்கத்தைவிடக் கூட்டம். சிவப்பு ஒன்றுகூட இல்லை, மஞ்சளும் இல்லை. எல்லாக் கையிலும் பச்சை எரிந்தது. எல்லாக் கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், ஆறாம் மாதத்துக்காரியின் கையிலும்கூட. வாசலுக்கு வெளியே மரத்தடியில் துணைக்கு வந்தவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் கர்ப்பிணிகள், கையை முந்தானையால் போர்த்தியிருந்தார்கள். விஷயம் ஊர் ஊராகப் போய்விட்டது.

முதல் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுகந்தி கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள். இருபது வயதுதான் இருக்கும். கண்ணிமை தடித்திருந்தது, உதடு வீங்கியிருந்தது. சுகந்தி மேஜை மேலிருந்த பழைய கருவியை எடுத்தாள். அந்தப் பெண் வெடுக்கென்று கையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அதுல பாக்காதீங்க டாக்டரம்மா," என்றாள். "பாத்தா தெரிஞ்சிரும். தெரிஞ்சா அனுப்பிருவீங்க."

சுகந்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து அந்தக் கையை மெதுவாக வாங்கி, வளையல்களை மேலே தள்ளி, துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினாள். நூற்று எழுபதைத் தாண்டியது. பக்கத்தில் காப்பு அமைதியாகப் பச்சையை எரித்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அந்த விளக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக அவள் ராத்தூக்கம் கெட்டு உழைத்திருந்தாள்.

கண்ட அளவை எங்கேயும் எழுதவில்லை. வளையல்களைக் கீழே இறக்கிக் காப்பை மறைத்தாள்.

"பச்சையாவே இருக்கட்டும்மா," என்றாள். "நீ உள்ள வந்து படு."